மோர்ஸ் மட்டும்தானா? தந்தி பற்றி டீச்சர் கேட்டதற்கு

பாலக்காடு ஜில்லா கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துத் தமிழ் மீடியம் பள்ளி டீச்சர் ஒருவர் சாஸ்திரமேளா என்ற பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டிருக்கிறார். அவர் கேட்டது மூன்று கேள்வி. தந்தியைக் கண்டுபிடித்தவர் சாமுவேல் மோர்ஸ் என்று புத்தகத்தில் ஒரே வரியில் போட்டிருக்கிறதே, அது சரிதானா? தந்தி வந்ததால் உலகத்துக்கும் நம் பக்கத்துக்கும் என்னதான் மாறியது? பிள்ளைகள் மேசை மேல் வைத்துக் காட்டுகிற மாதிரி ஒன்று செய்ய முடியுமா? தந்தி கவுண்டரில் உட்கார்ந்து சம்பளம் வாங்கியவன் என்பதால் என்னிடம் கேட்டிருக்கிறார். பதில் கொஞ்சம் நீளும், டீச்சர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதல் கேள்விக்கு நேர் பதில்: மோர்ஸுக்கு முன்பே மின்சாரத் தந்தி இருந்தது. காசு வாங்கிக்கொண்டு வேலை செய்யும் தந்திகூட இருந்தது. மோர்ஸும் அவரோடு இருந்தவர்களும் செய்தது அதை மலிவாக்கியது, நீளமாக்கியது. ஒரு கம்பி, அழுத்தினால் மின்சாரம் ஓடும் ஒரு சாவி, புள்ளியும் கோடுமாக ஓர் எழுத்து முறை. அந்த எளிமைதான் அவரை ஜெயிக்க வைத்தது.

அதற்கு முன் செய்தி எப்படிப் போனது என்று பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிவிடுங்கள். நம் சித்தூர் தாலுகா அப்போது கொச்சி ராஜ்ஜியம். பக்கத்திலேயே பாலக்காடு பிரிட்டிஷ் மலபார். வேலந்தாவளம் தாண்டினால் கோயமுத்தூர் ஜில்லா. கொச்சியிலும் திருவிதாங்கூரிலும் கடிதம் கொண்டுபோனவர் அஞ்சல் ஓட்டக்காரர். மணி கட்டிய கோலைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார், சத்தம் கேட்டால் ஜனங்கள் வழிவிட வேண்டும். அந்த அஞ்சல் துறை 1951ல்தான் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. ஆக, ஒரு செய்தி எவ்வளவு வேகமாகப் போகும் என்றால் அதைத் தூக்கிக்கொண்டு போகிற மனிதனோ குதிரையோ கப்பலோ போகிற வேகம்தான். இதற்கு ஒரு விலக்கும் இருந்தது. பிரான்சில் க்ளோத் ஷாப் என்பவர் 1794லேயே பாரிஸிலிருந்து லில் வரை கோபுரம் கோபுரமாகக் கட்டி, உச்சியில் மரக் கைகளை ஆட்டிச் செய்தி அனுப்பினார். ஒரு கோபுரத்தில் இருப்பவர் தொலைநோக்கியில் அடுத்ததைப் பார்த்து அப்படியே ஆட்ட வேண்டும். வெயில் நாளில் பிரமாதம். மூடுபனி வந்தால் அவ்வளவுதான், ராத்திரியானால் கடை மூடல்.

மின்சாரம் வந்த கதை ஒரு ரிலே ஓட்டம் மாதிரி. 1800ல் வோல்டா பாட்டரி செய்தார். 1820ல் டென்மார்க்கில் ஓர்ஸ்டெட், கம்பியில் மின்சாரம் ஓடும்போது பக்கத்தில் இருக்கும் காந்த ஊசி திரும்புவதைக் கண்டார். தந்திக்கு விதை அங்கேதான். 1825ல் ஸ்டர்ஜன் இரும்பைச் சுற்றிக் கம்பி சுருட்டி மின்காந்தம் செய்தார். அமெரிக்காவில் ஜோசப் ஹென்றி 1831ல் ஒரு மைலுக்கு மேல் நீளமான கம்பியின் மறுமுனையில் மணி அடிக்கவைத்துக் காட்டினார். 1833ல் ஜெர்மனியின் கோட்டிங்கன் ஊரில் காஸும் வேபரும் வான்நோக்கு நிலையத்துக்கும் இயற்பியல் கூடத்துக்கும் நடுவே கூரை மேல் கம்பி இழுத்து ஒருவருக்கொருவர் சேதி அனுப்பிக்கொண்டார்கள். கணித மேதை காஸ்தான் அவர். ஆனால் அவர்களுக்கு அது ஆராய்ச்சி வசதி, வியாபாரமாக்க நினைக்கவில்லை.

வியாபாரமாக்கியவர்கள் இங்கிலாந்தில் குக், வீட்ஸ்டோன் என்ற இரண்டு பேர். 1837ல் காப்புரிமை வாங்கினார்கள். அவர்கள் கருவியில் ஐந்து ஊசிகள். இரண்டு ஊசிகள் சாய்ந்து எந்த எழுத்தைக் காட்டுகின்றனவோ அதுதான் எழுத்து. பயிற்சியே வேண்டாம், படிக்கத் தெரிந்தால் போதும். குறை என்னவென்றால் ஐந்து ஊசிக்கும் தனித்தனிக் கம்பி வேண்டும், அதுவும் போக எழுத்து 20தான். லண்டன் பாடிங்டனிலிருந்து மேற்கே போகும் ரயில் பாதையோரம் அதைப் போட்டார்கள். 1843ல் ஸ்லவ் ஊர் வரை நீட்டினார்கள்.

ஜனங்கள் அதை ஒரு வேடிக்கைப் பொருளாகத்தான் பார்த்தார்கள், ஒரு கொலை நடக்கும் வரை. 1845 ஜனவரி 1ஆம் தேதி, ஸ்லவ் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு விஷம் கொடுத்துவிட்டு ஜான் டாவெல் என்பவர் லண்டன் ரயிலில் ஏறிவிட்டார். அதற்கு முந்தைய நாட்களாக இருந்தால் ரயிலைவிட வேகமாகப் போகிற எதுவும் கிடையாது, ஆள் ஊருக்குள் கரைந்துபோயிருப்பார். ஆனால் ஸ்டேஷனில் கம்பி இருந்தது. முதல் வகுப்புப் பெட்டியில் ஏறியிருக்கிறார், கால் வரை தொங்கும் கோட்டு, க்வேக்கர் மதப்பிரிவினர் போல உடை என்று அடையாளம் அடித்தார்கள். அந்தக் கருவியில் க்யூ எழுத்து கிடையாது. அதனால் க்வேக்கர் என்பதைக் 'கே' எழுத்தில் தொடங்கி அடிக்க, பாடிங்டனில் இருந்தவர் முதலில் குழம்பித்தான் போனார். ஆனாலும் புரிந்துகொண்டார்கள். பின்தொடர்ந்துபோய் மறுநாள் பிடித்தார்கள், அந்த ஆண்டே தூக்கு. தந்திக்கு இதைவிடப் பெரிய விளம்பரத்தை யாரும் காசு கொடுத்து வாங்கியிருக்க முடியாது.

இனி மோர்ஸ். அவர் விஞ்ஞானி இல்லை, ஓவியர். நல்ல ஓவியரும்கூட. 1825ல் அவர் வாஷிங்டனில் ஒரு படம் வரையும் வேலையில் இருந்தபோது நியூ ஹேவனில் மனைவி இறந்துபோனார். கடிதம் வந்து சேர்ந்து, இவர் ஊர் போய்ச் சேர்வதற்குள் அடக்கமே முடிந்துவிட்டது. இந்தத் துக்கத்தில்தான் தந்தியைக் கண்டுபிடித்தார் என்று பலரும் எழுதுவார்கள். நான் அதை அவ்வளவு நேராக முடிச்சுப் போட மாட்டேன். அவருக்கு இந்த யோசனை வந்தது ஏழு ஆண்டு கழித்து, 1832ல், சல்லி என்ற கப்பலில் ஐரோப்பாவிலிருந்து திரும்பும்போது சக பயணி ஒருவர் மின்காந்தம் பற்றிப் பேசியதைக் கேட்டு.

யோசனை வந்ததே தவிர வேலை செய்யவில்லை. சில அடி தாண்டினால் மின்சாரம் சோர்ந்துபோனது. ஹென்றியின் கட்டுரைகளைப் படித்திருந்த லியனார்ட் கேல் என்ற பேராசிரியர்தான் பாட்டரியையும் சுருளையும் எப்படி அமைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். ஆல்ஃபிரட் வேல் என்ற இளைஞர் கருவியை உருப்படியாகச் செய்துகொடுத்தார். எழுத்து முறையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதில் இன்றும் தகராறு உண்டு. ஆனால் அதில் இருக்கும் ஒரு கெட்டிக்காரத்தனத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அச்சுக்கூடத்தில் எந்த ஈய எழுத்து அதிகம் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். ஆங்கிலத்தில் அதிகம் வருவது 'இ' (E), அதற்கு ஒரே ஒரு புள்ளி. அடுத்து 'டி' (T), அதற்கு ஒரு கோடு. எப்போதோ வருகிற எழுத்துக்கு நாலு அடி. இன்று ஃபைலைச் சுருக்கி அனுப்புகிறோமே, அதன் முதல் பாடம் இது.

அமெரிக்கப் பாராளுமன்றம் 1843ல் 30,000 டாலர் கொடுத்தது. முதலில் கம்பியை ஈயக் குழாயில் போட்டு மண்ணுக்குள் புதைத்தார்கள். காப்பு சரியில்லாமல் அத்தனையும் வீண். அப்புறம் கம்பம் நட்டார்கள். 1844 மே 24 அன்று வாஷிங்டனிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளியிருந்த பால்டிமோருக்கு விவிலிய வாக்கியம் ஒன்றை அனுப்பினார். புத்தகத்தில் வரும் அந்த ஒரு வரி இந்த நாளைத்தான் சொல்கிறது.

தந்தி எப்படி வேலை செய்தது என்பதில் இரண்டு விஷயம் எனக்கு எப்போதும் ஆச்சரியம். ஒன்று, கம்பி ஒன்றே ஒன்றுதான். மின்சாரம் ஒரு சுற்று சுற்றி வர வேண்டும், போக ஒன்று வர ஒன்று என்று இரண்டு கம்பி வேண்டுமல்லவா? திரும்பி வர பூமியே போதும் என்று 1838ல் ஸ்டைன்ஹைல் என்ற ஜெர்மானியர் கண்டுகொண்டார். இரண்டு ஆபீஸிலும் ஈரமான மண்ணில் ஓர் உலோகத் தகட்டைப் புதைத்தால் சரி. கம்பிச் செலவு பாதி. இன்னொன்று ரிலே. நூறு மைல் தாண்டி வரும் மின்சாரம் நாடி பிடித்துப் பார்க்கும் அளவுக்குத்தான் இருக்கும், சத்தம் எழுப்பத் தெம்பு இருக்காது. ஆனால் ஒரு சின்ன, லேசான தகட்டை இழுக்க அது போதும். அந்தத் தகடு அசைந்து இன்னொரு புதிய பாட்டரியின் சாவியை மூடும். அந்தப் பாட்டரி அடுத்த நூறு மைலுக்கு அடிக்கும். சோர்ந்த ஆள் கோலைக் கொடுக்க, புதிய ஆள் ஓடுகிறான். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் அடுக்கலாம் என்பதால்தான் தந்தி கண்டம் தாண்டியது.

மோர்ஸ் கருவி முதலில் காகித நாடாவில் புள்ளி கோடு பதித்தது. ஆபரேட்டர்கள் நாடாவைப் பார்க்காமல் கருவியின் சத்தத்தைக் கேட்டே எழுத ஆரம்பித்துவிட்டார்கள். முதலாளிகள் திட்டியும் பார்த்தார்கள். காதுதான் வேகம் என்று தெரிந்த பிறகு நாடாவை எடுத்துவிட்டு, சத்தம் மட்டும் போடும் சவுண்டரை வைத்தார்கள். நல்ல கை நிமிடத்துக்கு இருபது, இருபத்தைந்து சொல் அடிக்கும். அனுபவம் உள்ளவர் அடிக்கிற தினுசை வைத்தே அந்தப் பக்கம் யார் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லிவிடுவார், பெயர் கேட்க வேண்டியதில்லை.

நம் நாட்டுக்குக் கொண்டுவந்தவர் ஒரு டாக்டர். கல்கத்தாவில் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த வில்லியம் ஓஷானஸி, மோர்ஸின் பால்டிமோர் நாளுக்கு முன்பே, 1839ல், கல்கத்தாவில் மைல் கணக்கில் கம்பி இழுத்துச் சோதித்துப் பார்த்தவர். கிழக்கிந்தியக் கம்பெனி அப்போது கண்டுகொள்ளவில்லை. டல்ஹவுசி கவர்னர் ஜெனரலாக வந்த பிறகு, 1850ல் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் ஹார்பருக்குச் சோதனைப் பாதை போட்டார்கள். அதில் ஓஷானஸிக்கு வலது கையாக இருந்து, பிறகு மேலும் பல பாதைகளைப் போட்டவர் சிப்சந்திர நந்தி என்ற வங்காளி. பாடப் புத்தகங்களில் அவர் பெயர் வர வேண்டும் என்பது என் கட்சி.

ஓஷானஸி ஐரோப்பியக் கம்பியை அப்படியே இங்கே கட்டவில்லை. மெல்லிய செம்புக் கம்பிக்குப் பதில் தடித்த இரும்புக் கம்பி. குரங்கு தொங்கினாலும், கொக்கும் கழுகும் கூட்டமாக உட்கார்ந்தாலும், புயல் அடித்தாலும் தாங்க வேண்டும். மரக் கம்பத்துக்குக் கரையான் பயம் வேறு. 1855 பிப்ரவரியில் பொதுமக்களுக்குத் திறந்தபோது கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், பெஷாவர், மெட்ராஸ், பெங்களூர், ஊட்டி எல்லாம் இணைந்திருந்தன, சுமார் 6,400 கிலோமீட்டர். கட்டணம் 400 மைலுக்கு 16 சொல் ஒரு ரூபாய், விலாசத்தையும் சேர்த்து. ஊர்ப் பட்டியலை ஒருமுறை திரும்பப் படியுங்கள். ராணுவம் இருக்கும் ஊர், துறைமுகம், தலைநகரம், அப்புறம் வெள்ளைக்கார துரைமார் கோடைக்கு ஏறும் ஊட்டி. இரண்டாவது கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது. கம்பியின் இரண்டு முனையிலும் யார் உட்கார்ந்திருந்தார்களோ அவர்களுக்குத்தான் முதலில் அது வேலை செய்தது.

1857 மே 11 அதற்கு ரத்த சாட்சி. மீரட்டிலிருந்து சிப்பாய்கள் டெல்லிக்குள் வந்துவிட்டார்கள். கம்பி அறுந்ததைப் பார்க்கப் போன டோட் என்ற தந்தி அதிகாரி திரும்பவே இல்லை, கொல்லப்பட்டார். ஆபீஸில் இருந்த பிரெண்டிஷ், பில்கிங்டன் என்ற இரண்டு இளைஞர்கள் அம்பாலாவுக்குச் சேதி அடித்துவிட்டு ஓடினார்கள். அங்கிருந்து அது பஞ்சாப் போனது. லாகூர் பக்கத்து மியான்மீர் முகாமில் சிப்பாய்களுக்கு இன்னும் முழு விவரம் தெரியாது. அதற்குள் மே 13 அன்று அணிவகுப்பில் நிறுத்தி ஆயுதத்தைப் பிடுங்கிவிட்டார்கள். சிப்பாய்களும் இதைப் புரிந்துகொண்டார்கள், போகிற இடமெல்லாம் கம்பியை அறுத்தார்கள்.

கடலடிக் கம்பி தனிக் கதை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீருக்குள் காப்பு வேண்டும். மலேயாக் காட்டு மரம் ஒன்றின் பாலிலிருந்து வரும் கட்டாபெர்ச்சா என்ற பிசின் அதற்கு வாகாக இருந்தது. நம் நெல்லியாம்பதி மலையில் நிற்கும் பாலி மரம் அதற்குச் சொந்தக்கார மரம்தான். கேபிள் கம்பெனிகளுக்காக மலேயாவில் அந்த மரங்களை வெட்டித் தள்ளி ஏறக்குறைய ஒழித்தே விட்டார்கள். 1858ல் அட்லாண்டிக்கில் போட்ட முதல் கேபிளில் விக்டோரியா மகாராணியின் 98 சொல் வாழ்த்து போய்ச் சேர 16 மணி நேரம் பிடித்தது. பொறுமையில்லாமல் மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார்கள், மூன்று வாரத்தில் கேபிள் செத்தது. ஆனால் சாவதற்குள் ஒரு வேலை செய்தது. இந்தியக் கலகத்துக்காகக் கனடாவிலிருந்து கப்பலேற இருந்த இரண்டு ரெஜிமெண்டுகளை, இனி வேண்டாம் என்று ஒரு சேதி நிறுத்தியது. 50,000 பவுண்டு மிச்சம். 1866ல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் போட்ட கேபிள்தான் நிலைத்தது. 1870ல் சூயஸ், ஏடன் வழியாக பம்பாய்க்குக் கேபிள் வந்தது. லண்டனுக்குச் சேதி போகக் கப்பலில் வாரக்கணக்கு ஆனது போய் மணிக்கணக்கு ஆனது.

கெடுதல் என்ன என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1876ல் மழை பொய்த்தது. கோயமுத்தூர், சேலம், வட ஆற்காடு, கடப்பை, கர்நூல், பெல்லாரி எல்லாம் பஞ்சம். இது செய்தி தெரியாமல் வந்த பஞ்சம் இல்லை. ரயில் இருந்தது, தந்தி இருந்தது, எந்த ஜில்லாவில் தானியம் எவ்வளவு என்று கலெக்டர் அடித்த தந்தி மெட்ராஸுக்கும் கல்கத்தாவுக்கும் போய்க்கொண்டே இருந்தது. மெட்ராஸ் கவர்னர் பக்கிங்ஹாம் முதலில் அரசு செலவில் 30,000 டன் தானியம் வாங்கினார். சந்தையில் கை வைக்காதே என்று வைஸ்ராய் லிட்டன் அரசு அதட்டியது. அதே நேரத்தில், 1877 ஜனவரி 1ஆம் தேதி, லிட்டன் டெல்லியில் விக்டோரியாவுக்குச் சக்கரவர்த்தினிப் பட்டம் அறிவிக்கும் தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை அனுப்பி நிவாரண வேலைக் கூலியை ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவுமாகக் குறைக்கச் சொன்னார்கள். மெட்ராஸின் சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் இது சாகடிக்கிற கணக்கு என்று சண்டை போட்டார். செத்தவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு.

தந்தி இதில் என்ன செய்தது? ஓர் ஊரில் விலை ஏறினால் அடுத்த ஊர் மண்டிக்காரருக்கு அன்றைக்கே தெரிந்தது. பஞ்சமில்லாத ஊரிலும் விலை ஏறியது, தானியம் காசு இருக்கும் இடத்தைத் தேடி ரயிலேறியது. பழைய நாளாக இருந்தால் கவர்னர் எழுதிக் கேட்டு, பதில் வருவதற்குள் தன் இஷ்டப்படி நாலு நல்ல காரியம் செய்திருப்பார். தந்தி இருந்ததால் மேலிடம் அன்றாடம் கையைப் பிடித்தது. விலை தெரிவது நல்லது என்று பொருளாதாரப் புத்தகம் சொல்லும். அதுவும் பொய் இல்லை. 1866 கேபிளுக்குப் பிறகு நியூயார்க் பருத்தி விலைக்கும் லிவர்பூல் விலைக்கும் இருந்த இடைவெளி நன்றாகக் குறைந்தது. கோயமுத்தூர் பஞ்சு, ஆலப்புழைக் கயிறு, கொச்சி மிளகு என்று நம் வியாபாரம் எல்லாமே பிறகு தந்தியில்தான் நடந்தது. ஒவ்வொரு கம்பெனியும் ஒரே சொல்லில் தந்தி விலாசம் பதிந்து வைத்திருக்கும், லெட்டர்ஹெட்டில் அச்சடித்திருக்கும். சொல்லுக்குக் காசு என்பதால், ஒரு முழு வாக்கியத்தை ஒரே சொல்லில் அடக்கும் கோட் புத்தகங்கள் வியாபாரிகளிடம் இருந்தன. பருத்தியில் லாபம், பஞ்சத்தில் சாவு, இரண்டுக்கும் கம்பி ஒன்றுதான்.

நேரத்தையும் தந்திதான் மாற்றியது. கொழிஞ்சாம்பாறையில் சூரியன் உச்சிக்கு வருவது மெட்ராஸைவிட ஏறக்குறைய 14 நிமிடம் தாமதமாக. முன்பு ஒவ்வொரு ஊருக்கும் அதனதன் உச்சி வெயில்தான் பன்னிரண்டு மணி. மெட்ராஸிலிருந்து பாலக்காடு கணவாய் வழியாக, கோழிக்கோடு பக்கத்து பேப்பூர் வரை ரயில் 1862ல் முழுதாக ஓட ஆரம்பித்தது. ஒற்றைத் தடத்தில் இரண்டு பக்கமும் வண்டி வரும்போது ஊருக்கொரு மணி இருந்தால் என்ன ஆகும்? மெட்ராஸ் வான்நோக்கு நிலையம் தந்தி வழியாக நேரம் அனுப்பியது. 1870 வாக்கில் இந்திய ரயில்வே முழுக்க மெட்ராஸ் நேரத்துக்கு மாறியது. பம்பாய்க்காரரும் ரயில் பிடிக்க மெட்ராஸ் நேரம் பார்த்தார்கள் என்பது தமிழர்களுக்கு ஒரு சின்னப் பெருமை. 1906 ஜனவரி 1 முதல் இந்திய நேரம் வந்து, அது மெட்ராஸ் நேரத்தைவிட ஒன்பது நிமிடம் முந்தியது. 'லைன் கிளியர்' கேட்பதும் கொடுப்பதும்கூடத் தந்தியில் பிறந்த பழக்கம். அடுத்த ஸ்டேஷன் சரி சொல்லாமல் இந்த ஸ்டேஷன், தடம் காலி என்பதற்கு அடையாளமான டோக்கன் வளையத்தை டிரைவர் கையில் கொடுத்ததில்லை.

வீட்டுக்கு வந்த தந்தியைப் பற்றிக் கொஞ்சம். கம்பி வந்திருக்கு என்றாலே தெருவே கூடிவிடும் என்பது உண்மைதான். வந்தது ஆங்கிலத்தில் இருக்கும், படிக்க ஒரு வாத்தியாரைத் தேட வேண்டும். கவுண்டரில் இருந்தவனுக்குத் தெரிந்தது வேறொரு பக்கம். அனுப்ப வருகிறவர் தமிழில் சொல்வார், மலையாளத்தில் சொல்வார், இரண்டையும் கலந்தும் சொல்வார். "அப்பா போயிட்டார்னு போட வேண்டாம் சார், சீரியஸ்னு போடுங்கோ, அவன் ரயில்ல தனியா வரணும்." நாங்கள் அப்படியே எழுதுவோம். பம்பாய் மாட்டுங்காவிலோ டெல்லியிலோ அதை வாங்கும் பையனுக்கும் சீரியஸ் என்றால் என்ன அர்த்தம் என்று தெரியும். அனுப்பியவருக்கு இது தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் வழி முழுக்க ஒரு சின்ன நம்பிக்கையை வைத்து அனுப்புகிற வழக்கம் அது. காசை மிச்சம் பிடிக்க ஒவ்வொரு சொல்லாக வெட்டுவார்கள். ஆனால் யாரும் 'உடனே' என்ற சொல்லை மட்டும் வெட்ட மாட்டார்கள்.

இதில் ஒரு சங்கடம் எப்போதும் இருந்தது. பம்பாயிலிருந்து பாலக்காட்டுக்கு மின்சாரம் கண் இமைக்கும் நேரத்தில் வந்துவிடும். நடுவில் வரிசையில் காத்திருப்பது ஒரு பக்கம், பாலக்காட்டிலிருந்து கிராமத்துக்கு சைக்கிளில் போவது இன்னொரு பக்கம். கடைசி ஆறு மைல்தான் எப்போதும் நீளம். கல்யாணத் தந்தி அப்படியில்லை, அதற்கு அவசரம் கிடையாது. வாழ்த்து வாசகங்களுக்கு எண் உண்டு, எண்ணை மட்டும் அடிப்போம், அங்கே பூப்போட்ட தாளில் முழு வாசகமாக வரும். பிறகு மோர்ஸ் போய் டெலிபிரிண்டர் வந்தது. அச்சான நாடாவைக் கிழித்துப் படிவத்தில் ஒட்டிக் கொடுத்தோம். வீட்டுக்கு வீடு போன், கைக்குக் கை மொபைல். 2013 ஜூலை 15 முதல் தந்திச் சேவை கிடையாது. அன்றைக்கு வருத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் பத்து வருடமாக ஒரு தந்திகூட அனுப்பாதவர்கள்தான். நான் பெரிதாக வருத்தப்படவில்லை.

மிச்சம் என்ன இருக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால்: போடோ என்ற பிரெஞ்சுக்காரர் 1870களில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவாக ஐந்து துடிப்பு என்று வைத்தார். மனிதக் காதுக்குப் புள்ளி கோடு வசதி, இயந்திரத்துக்கு ஒரே அளவு வசதி. கம்ப்யூட்டர் எழுத்து முறை அந்த வம்சம். நாட்டுக்கு நாடு தந்தி ஒத்துப்போக 1865ல் பாரிஸில் கூடிய சங்கம்தான் இன்றைய சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம். இன்றும் வெளிநாட்டு இணையம் கொச்சியிலும் சென்னையிலும் கரையேறுவது கடலடிக் கேபிளில்தான். கட்டாபெர்ச்சாகூடப் போகவில்லை. பல் டாக்டர் வேர் சிகிச்சையில் அடைப்பது அதைத்தான்.

மேசை மேல் காட்டுவதற்கு வருவோம். ஒரு போல்ட்டில் எனாமல் பூசிய செம்புக் கம்பியை இருநூறு சுற்று சுற்றுங்கள். அதற்கு மேலே ஒரு நூல் இடைவெளியில் தகர டப்பாவிலிருந்து வெட்டிய பட்டை ஒன்று, ஒரு முனை மரத்தில் ஆணி அடித்து, மறுமுனை ஆடுகிற மாதிரி. சாவிக்கும் தகரப் பட்டை போதும். இரண்டு டார்ச் செல். பெரும்பாலான பள்ளி மாடல் வேலை செய்யாமல் போவது இரண்டே காரணத்தால். கம்பி முனையில் எனாமலைச் சுரண்டாமல் விடுவது ஒன்று, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். கான்கிரீட் ஆணி போன்ற எஃகு ஆணியைப் பயன்படுத்துவது இன்னொன்று. சாவியை விட்ட பிறகும் எஃகில் காந்தம் தங்கிவிடும், பட்டை ஒட்டிக்கொண்டு மேலே வராது. மெது இரும்பு போல்ட்டாக இருக்கட்டும், அதன் தலையில் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டிவிடுங்கள், கட் என்று அடித்துக் கட் என்று விடும். சாவியை அழுத்தியே வைத்திருக்கக் கூடாது, செல் சூடாகும்.

பூமி வழியே திரும்புவதையும் காட்டலாம். ஒரு தட்டில் உப்புத் தண்ணீர் தெளித்த மண், இரண்டு பக்கமும் ஆணி, நடுவில் ஒன்பது வோல்ட் செல்லும் ஓர் எல்.இ.டி.யும், ஓர் ஆயிரம் ஓம் ரெசிஸ்டரும். மங்கலாகவாவது எரியும். அதே மண் வழியாகச் சவுண்டரை இணைத்தால் அசையாது. ஏன் என்று நடுவர் கட்டாயம் கேட்பார். மண்ணின் தடையில் மின்சாரம் இளைத்துவிடுகிறது, எல்.இ.டி.க்கு அது போதும், காந்தத்துக்குப் போதாது என்று பிள்ளைகள் சொல்லட்டும். அப்படியானால் தந்தி எப்படிப் போனது என்று அடுத்துக் கேட்டால், பெரிய தகடு, ஆழமான ஈர மண், நிறைய பாட்டரி, அப்புறம் ரிலே என்று சொல்லச் சொல்லுங்கள். ரிலேயையும் தனியாக ஒரு பலகையில் செய்து பக்கத்தில் வைத்திருந்தால் இன்னும் நல்லது. கடையில் ஆறு வோல்ட் ரிலே கிடைக்கும், மூடியைக் கழற்றி வைத்தால் உள்ளே அந்தச் சின்னத் தகடு அசைவது கண்ணுக்குத் தெரியும்.